மணல் செம்மண்ணில் அடித்த சிமென்ட் கல் சுவர், ஒரே மழைக்கு அடிவரிசை உதிர்கிறது. உதவி தேவை

புஞ்சைக்காடு:
காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் எங்கள் புஞ்சை. கிணறு வெட்டியபோது வந்த மணற்பாங்கான செம்மண் குவிந்து கிடந்ததால் அதிலேயே சிமென்ட் கலந்து, கை மிஷினில் கல் அடித்து, போன சித்திரையில் சுற்றுச்சுவர் கட்டினோம். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து வெயில் ஏறியதும் அடியிலிருந்து மூன்று வரிசை விரலால் தேய்த்தாலே மணலாக உதிர்கிறது. மேலே ஒன்றும் ஆகவில்லை. கட்டுவதற்கு முன் மேஸ்திரி ஒரு கல்லை இடுப்பு உயரத்திலிருந்து போட்டுக் காட்டினார், உடையவே இல்லை. அவ்வளவு வலுவான கல் மழைக்கு ஏன் தாங்கவில்லை? மேலே சிமென்ட் பூசிவிட்டால் நின்றுவிடுமா? அப்பா வெயிலில் கூடவே நின்று கட்டிய சுவர், மனசு கேட்கவில்லை.

கொத்தனார் மகன்:
இப்போதைக்குப் பூசாதீர்கள். ஒரு மூட்டைக்கு எத்தனை சட்டி மண் போட்டீர்கள்? கலந்த மண்ணை எவ்வளவு நேரத்துக்குள் அடித்தீர்கள்? எத்தனை நாள் நனைத்தீர்கள்? உதிரும் இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா?

புஞ்சைக்காடு:
மூட்டைக்கு 40 சட்டி. காலையில் மொத்தமாகக் கலந்துவிட்டுச் சாயங்காலம் வரை அடித்தார்கள். இரண்டு நாள் தண்ணீர் தெளித்தோம், அதற்குமேல் தண்ணீர் இல்லை, அப்படியே வெயிலில் அடுக்கிவிட்டோம். உப்பு இல்லை.

மண் சோதனை:
தம்பி, சட்டிக்கு 20 கிலோ என்று வைத்தால் 800 கிலோ மண்ணுக்கு 50 கிலோ சிமென்ட், சுமார் 6 சதவீதம். பருமணலும் பொடிமணலும் கொஞ்சம் களியும் கலந்த மண்ணுக்கு இது போதும். ஒரே அளவுக் குருணையாக இருக்கும் மணலுக்குப் போதாது, ஏனென்றால் குருணைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை அடைக்கப் பொடி இல்லாமல் அந்த வேலையும் சிமென்ட் தலையிலேயே விழுகிறது. அதோடு தண்ணீர் பட்டதிலிருந்து சிமென்ட் இறுக ஆரம்பித்துவிடும், இரண்டு மணி நேரத்துக்குள் அடித்து முடித்திருக்க வேண்டும். சாயங்காலம் அடித்த கற்களில் பாதிப் பிடிப்பு போயிருக்கும்.

மேஸ்திரி காட்டியது பொய்யில்லை, ஆனால் அது காய்ந்த கல். அதே கல் முழுக்க ஊறினால் வலிமை பாதிக்குப் பாதி குறைவது சகஜம், அதனால்தான் மண் கல்லுக்கான ஐஎஸ் 1725 என்ற இந்தியத் தரநிலை ஈர வலிமையைக் கேட்கிறது. வலிமை வேறு, தாங்கும் தன்மை வேறு. நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து ஒவ்வொரு முறையும் கல் கொஞ்சம் விரிந்து சுருங்கும்போது பலவீனமான பிடிப்புகள் ஒவ்வொன்றாக விடும். ஐஎஸ் 4332-ன் நான்காம் பாகம் இதற்கென்றே இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் 5 மணி நேரம் ஊறவைத்து, 71 டிகிரி சூட்டில் 42 மணி நேரம் காயவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பார்கள், இப்படி 12 சுற்று. அமெரிக்க போர்ட்லண்ட் சிமென்ட் சங்கத்தின் கணக்குப்படி மணல் மண்ணில் எடை இழப்பு 14 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, களிமண்ணில் 7. வீட்டில் ராத்திரி முழுக்க ஊறவைத்து இரண்டு நாள் வெயிலில் போட்டு, தேய்த்து எடை போடுங்கள். கூடத்துச் சோதனைக்கு ஈடாகாது, ஆனால் எந்தக் கலவை தேவலை என்று கண்ணுக்குத் தெரியும்.

ஆத்தங்குடி ஓடு:
சிமென்ட் தரை ஓடு செய்யும் எங்கள் பட்டறையில் சூளையே கிடையாது, ஓட்டுக்குப் பலம் தருவது தண்ணீர்த் தொட்டிதான். இரண்டு நாளில் வெயிலுக்குக் கொண்டுவந்தால் சிமென்ட் வேலையை முடிக்கும் முன்பே ஈரம் போய்விடும். தண்ணீர் குறைவாக இருந்தால் ஈரச் சாக்கு போட்டு மேலே தார்ப்பாய் மூடிவிடுங்கள், நாளுக்கு ஒரு குடம் போதும். மூன்று, நான்கு வாரம் ஈரம் காயவே கூடாது.

கொத்தனார் மகன்:
சிமென்ட் பூச்சு ஏன் வேண்டாம் என்றால் அது கல்லைவிட இறுக்கமானது, உள்ளே இறங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சே பாளம் பாளமாகக் கழன்று வரும், உதிர்ந்த மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. அடி மூன்று வரிசைதான் போயிருக்கிறது என்றால் தரையிலிருந்து தெறிக்கும் தண்ணீரும் மண்ணிலிருந்து ஏறும் ஈரமும்தான் காரணம். நம் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பாருங்கள், தெருவைவிட எவ்வளவு உயரத்தில் தளம் இருக்கிறது! அந்த மூன்று வரிசையை நாலு அடி நாலு அடியாகப் பிரித்து, கருங்கல்லோ சுட்ட செங்கல்லோ வைத்துக் கட்டுங்கள், ஒரேயடியாகப் பிரித்தால் சுவர் சாயும். சுவர் தலையில் இரண்டு பக்கமும் நீட்டி ஒரு மூடுகல், அடியில் தண்ணீர் தேங்காமல் சரிவு. அப்புறம் வேண்டுமானால் சுண்ணாம்புப் பூச்சு.

புஞ்சைக்காடு (எட்டு வாரம் கழித்து):
மீதிக் கிடந்த பழைய கல்லையும், பருமணல் சேர்த்து மூட்டைக்கு 25 சட்டி போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் அடித்து மூன்று வாரம் சாக்கில் மூடிவைத்த புதுக் கல்லையும் சேர்த்துச் சோதித்தேன். ஆறு சுற்றில் 7 கிலோ பழைய கல் 650 கிராம் இழந்தது, புதுக் கல் 90 கிராம்தான். அடியில் செங்கல் மாற்றும் வேலை பாதி முடிந்துவிட்டது. ஒரு சந்தேகம்: மீந்த பழைய கல் 300 இருக்கிறது, எதற்காவது ஆகுமா?

மண் சோதனை:
மழை படாத உள் தடுப்புச் சுவருக்குத் தாராளமாக வைக்கலாம், பாரம் ஏற்றாமல். மாட்டுக்கொட்டகைக்கு மட்டும் வேண்டாம், அங்கே எப்போதும் ஈரம்.