மீட்டியார் 350: ஹைவே பெக் போதுமா, ஃப்ளோர்போர்டும் வேண்டுமா?

வணக்கம் மக்களே. வண்டி ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350, ஓட்டுபவர் உயரம் 6 அடி. இரண்டு மணி நேரம் தாண்டினால் முட்டி பிடித்துக்கொள்கிறது. அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

அதனால் லெக் கார்டில் (முன்பக்கக் காப்புக் கம்பி) ஹைவே பெக், அதாவது காலை முன்னே நீட்டி வைக்கும் கூடுதல் கால்தாங்கி, மாட்டலாம் என்று யோசனை. முதல் சந்தேகம் பெக்கைக் குழாயோடு பிடிக்கும் கிளாம்ப். லெக் கார்டு குழாயை வெர்னியரில் அளந்துதான் வாங்கப்போகிறேன். 32 மி.மீ. கிளாம்பை 25 மி.மீ. குழாயில் ரப்பர் சுற்றி மாட்டுகிறார்கள். அது வேலைக்கு ஆகாது: பெக் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் காலின் எடை நெம்புகோல் மாதிரி இழுக்கும், ரப்பர் நசுங்கும், கிளாம்ப் சுழன்று பெக் கீழே தொங்கும். சரியான அளவு கிளாம்பிலும் ஒற்றை போல்ட்டா, இரட்டை போல்ட்டா? எம்8 (8 மி.மீ.) போல்ட்டுக்கு நீல லாக்டைட் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) போதுமா, நைலாக் நட்டும் (உள்ளே நைலான் வளையம் வைத்தது) வேண்டுமா? பெக் மேல்நோக்கி மடங்க வேண்டும், அதில் சமரசம் இல்லை.

அடுத்தது ஃப்ளோர்போர்டு, அதாவது முழுப் பாதத்தையும் வைக்கும் பலகை. முன்னாலும் குதிகாலாலும் மிதித்து கியர் மாற்றும் ஹீல்-டோ லீவர் இருப்பதால் இடது பக்கம் பிரச்சினை குறைவு. வலது பக்கம்தான் யோசனை: பாதம் பலகை மேல் ஏறி உட்கார்ந்தால் பிரேக் பெடல் உயரத்தையும் மாற்ற வேண்டுமே? வளைவில் சாய்க்கும்போது பலகை சீக்கிரமே தரையில் உரசும். உரசினால் மேலே மடங்குகிற மாதிரி கீல் வைத்த பலகை எங்கே கிடைக்கிறது?

80 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடும். பெக்கிலிருந்து கால் பிரேக்குக்கு வருவதற்குள் அவ்வளவும் போய்விடும். அதனால் பெக், காலியான நாற்கர சாலையில் மட்டும்தான். மாட்டியவர்கள் முட்டி மடங்கும் கோணம் தெரிகிற மாதிரி பக்கவாட்டுப் படம் போட்டால் புண்ணியம்.