வாசிகசாலைச் சுவரில் காடு: ஒட்டுவதா, உள்ளே வரவிடுவதா?

பாலைநிழல்:
கிளிநொச்சிப் பக்கத்திலுள்ள எங்கள் ஊர் வாசிகசாலையைத் திருத்துவதற்கு வெளிநாட்டிலிருக்கும் ஊரவர்கள் பணம் அனுப்பியிருக்கிறார்கள். உட்புறத்தை இயற்கையைத் தழுவி அமைப்பதென்று நிர்வாகசபை தீர்மானித்துள்ளது. அதன்படி சுவர் முழுவதும் மூங்கில் காடு அச்சிட்ட பிளாஸ்ரிக் தாள் ஒட்டப்படும்; தரையில் செயற்கைப் புல் விரிக்கப்படும்; தாள் ஒட்டுவதற்கு இடைஞ்சலாக இருக்கும் மேற்கு யன்னல்கள் அடைக்கப்படும். பாலையும் முதிரையும் நிற்கும் வன்னியில் மூங்கில் படம் எதற்கு என்பது ஒருபுறமிருக்கட்டும். இயற்கையின் உருவத்தை மட்டும் சுவரில் ஒட்டிவிட்டு, சோளகக் காற்றை வெளியே நிறுத்துவதை எப்படி ஏற்பது?

ஊர்க்குருவி:
ஐயா, படத்தை இவ்வளவு இளக்காரமாகப் பேசத் தேவையில்லை. பச்சையைக் கண்டால் மனம் ஆறும் என்பதற்கு ஆய்வே உண்டு. 1984இல் ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பைச் சத்திரசிகிச்சைக்குப் பின் யன்னல் வழியே மரங்களைப் பார்த்திருந்த நோயாளர், செங்கற்சுவரைப் பார்த்திருந்தவர்களைவிட விரைவாக வீடு திரும்பினர். அவர்களுக்குக் கடுமையான வலிநிவாரணிகளும் குறைவாகவே தேவைப்பட்டன.

பாலைநிழல்:
அந்த நோயாளர் பார்த்தது யன்னலுக்கு வெளியே நின்ற மரங்களை. நீங்களோ அந்த யன்னலை அடைத்துத்தான் மரத்தை ஒட்டப் போகிறீர்கள்.

கட்டடக்கலை மாணவி:
இயற்கையின் உருவத்தைப் பின்பற்றுவதா, அது இயங்கும் முறையைப் பின்பற்றுவதா என்று பிரிப்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு, இன்ரர்பேஸ் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் கொண்டுவந்த கம்பளத் துண்டுகள். காட்டுத் தரையில் எந்த இரண்டு இடங்களும் ஒன்றுபோல் இராவிட்டாலும் முழுமை குலைவதில்லை என்பதைக் கவனித்து, ஒவ்வொரு துண்டையும் சிறிது வேறுபடுத்தி அமைத்தார்கள். அதனால் எந்தத் திசையிலும் பதிக்கலாம், கழிவு குறையும், பழுதான துண்டை மட்டும் மாற்றினாலும் ஒட்டுப் போட்டதாகத் தெரியாது. அங்கே இலைப் படம் எதுவும் கிடையாது. பனஞ்சார்வோலையில் இழைத்த பாயைச் சிறு சட்டங்களில் இறுக்கிச் சுவரில் பொருத்தினால், நாமும் அதே முறையைக் கையாளலாம். ஓலையின் நிறம் இயல்பாகவே ஒன்றுக்கொன்று மாறுபடுவதால் புதுச் சட்டம் துருத்திக்கொண்டு நிற்காது.

ஊர்க்குருவி:
தங்கச்சி, மாரியில் அந்தப் பாயில் பூஞ்சணம் பிடிக்கும், மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொள்ளும். பிளாஸ்ரிக் தாளை ஈரத்துணியால் துடைத்தால் போதும். மேலும், இயற்கை இயங்கும் முறையைப் பின்பற்றுகிறோம் என்பவர்கள் எல்லாரும் சரியாகப் பின்பற்றுவதுமில்லை. சிம்பாப்வேயின் ஹராரேயில் 1996இல் திறக்கப்பட்ட ஈஸ்ற்கேற் கட்டடத்தைக் கட்டடக்கலைஞர் மிக் பியர்ஸ், கூட்டைக் குளிர்விப்பதாகக் கருதப்பட்ட கறையான் புற்றைப் பார்த்துத்தான் வடிவமைத்தார் என்பார்கள். ஆனால் புற்றின் வேலை கூட்டைக் குளிர்விப்பதைவிட, நுரையீரல்போல் வளிகளைப் பரிமாறுவதே என்று பின்னர் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள்.

கட்டடக்கலை மாணவி:
உண்மைதான் அண்ணா. ஆனாலும் இரவுக் குளிர்காற்றைக் கொங்கிறீற்றுக்குள் செலுத்திப் பகல் வெப்பத்தைத் தாங்கும் அந்தக் கட்டடம் வேலை செய்கிறதே! புற்றைப் பற்றிய விளக்கம் பிழைத்தது. காற்றைப் பற்றிய கணக்குப் பிழைக்கவில்லை. பூஞ்சணம் பற்றிய உங்கள் எச்சரிக்கையை ஏற்கிறேன். பாயைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குல இடைவெளி விட்டு, நிலத்திலிருந்து ஒரு முழம் உயர்த்தி, மழைச்சாரல் படாத கிழக்கு உட்சுவரில் மட்டும் பொருத்தலாம்.

ஊர்க்குருவி:
அப்படியானால் மேற்கு யன்னல்கள் திறந்தே இருக்கட்டும். தாளை வடக்குச் சுவரோடு நிறுத்திக்கொள்ளலாம். செயற்கைப் புல்லை மட்டும் விடமாட்டேன். பிள்ளைகள் நிலத்தில் இருந்துதான் வாசிக்கிறார்கள்.

பாலைநிழல்:
வெயிலில் தகரக் கூரையின் கீழ் அந்தப் புல்லில் ஒரு மணிநேரம் இருந்து பார்த்துவிட்டுக் கூட்டத்துக்கு வாருங்கள். பிள்ளைகள் இருப்பதற்கும் பாயே போதும்.