மேல்மாடி ரேடியேட்டர் அடிப்பக்கம் சூடாகவே இல்லை

லண்டன் ஹாரோவில் பழைய வீடு. 24 கிலோவாட் காம்பி பாய்லர் (கேஸில் தண்ணீரைச் சூடாக்கி அறை ரேடியேட்டர்களுக்கும் வெந்நீர்க் குழாய்க்கும் தருவது), போட்டுப் பத்து வருடம் இருக்கும். தண்ணீரில் வரும் இரும்புத் துகளைப் பிடிக்கும் மேக்னடிக் ஃபில்டர் கிடையாது. குளிர் தொடங்கியதிலிருந்து மேல்மாடிக் கடைசி அறை ரேடியேட்டர் மட்டும் தகராறு. மேலே இளஞ்சூடு, அடியில் நடுப்பகுதியில் கை வைத்தால் ஜில்லென்று இருக்கிறது. மற்றதெல்லாம் நன்றாகக் கொதிக்கிறது.

உள்ளே காற்று அடைத்திருக்கிறதோ என்று ரேடியேட்டரில் காற்று எடுத்துப் பார்த்தேன். காற்றே இல்லை, உடனே தண்ணீர்தான் வந்தது, அதுவும் மை மாதிரி கறுப்பாக. பாய்லர் ஆறியிருக்கும்போது பிரஷர் 1.4 பார், இறங்கவில்லை. தெர்மோஸ்டாட் வால்வின் தலையைக் கழற்றினேன். உள்ளே இருக்கும் ஊசி தடையில்லாமல் போய் வருகிறது. அப்புறம் இதன் லாக்ஷீல்டை (மறுமுனையில் தண்ணீர் ஓட்டத்தை அளவாக வைக்கும் வால்வு) முழுதாகத் திறந்து, மற்றவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினேன். மேலே சூடு கூடியது, அடி அப்படியேதான்.

வந்து பார்த்த பிளம்பர் வீடு முழுக்கப் பவர் ஃபிளஷ் (பம்ப் வைத்து எல்லாக் குழாய், ரேடியேட்டரையும் உள்ளே கழுவுவது) என்கிறார். அவர் சொல்லும் காசுக்குப் புது ரேடியேட்டரே நாலு வாங்கலாம் போலிருக்கிறது. பாய்லர் மூடியில் நான் கை வைக்கமாட்டேன், அது கேஸ் சேஃப் (பிரிட்டனில் கேஸ் வேலை செய்பவர்களுக்கான பதிவு) பதிவு உள்ளவர் வேலை. ரேடியேட்டரைக் கழற்றி மாட்டத் தெரியும்.

இந்த ஒன்றை மட்டும் கழற்றி, தோட்டத்தில் ஹோஸ் பைப்பால் கழுவி மாட்டி, உள்ளே துருப்பிடிக்காமல் தடுக்கும் இன்ஹிபிட்டர் ஊற்றினால் போதுமா, இல்லை பவர் ஃபிளஷ் செய்தே ஆகவேண்டுமா?