மீயறிதலா, அறிதலறிதலா? திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள்

சித்தூர் (பாலக்காடு) ஆசிரியை:
குழுவினருக்கு வணக்கம். ஆங்கிலம் கற்கும் பி.ஏ. மாணவர்களுக்கு மொக்தாரி, ஷியோரி என்ற ஆய்வாளர்கள் வாசிக்கும் முறைகளைக் கேட்டறிய 2002இல் வெளியிட்ட வினாநிரலைத் தமிழாக்குகிறேன். 30 கூற்றும் முடிந்தன. திங்களன்று அச்சுக்குப் போகணும். 'மெட்டாகாக்னிட்டிவ் ரீடிங் ஸ்ட்ராட்டஜீஸ்', அதாவது தன் வாசிப்பைத் தானே கவனித்து நடத்தும் வழிகள், என்ற தலைப்பில்தான் முட்டி நிற்கிறேன். நேற்று வகுப்பில் ஒரு பெண் ஆங்கிலப் பத்தியொன்றைத் தங்குதடையில்லாமல் வாசித்தாள். "என்ன சொல்லியிருக்கு?" என்றேன். "கண்ணு போயிருச்சுங் டீச்சர், நாந்தான் போகல" என்றாள். அவள் கண்டுகொண்டாளே, அதற்குத்தான் பெயர் கேட்கிறேன். இங்கே மலையாளத்தில் ஸ்ட்ராட்டஜிக்குத் 'தந்திரம்' என்பார்கள். 'வாசிப்புத் தந்திரம்' என்று போட்டால் நம் பிள்ளைகள் காப்பியடிக்க வழி சொல்கிறேன் என்று நினைப்பார்கள்.

கோவை நண்பர்:
மெட்டாடேட்டாவுக்கு மீத்தரவு இருக்கிறதே. மீயறிதல், வாசிப்பு உத்தி. முடிந்தது.

குப்பம் புலவர்:
முடியவில்லை. மீக்கணினி, மீயொலி, மீத்தொடுப்பு என்று சூப்பர், அல்ட்ரா, ஹைப்பர் மூன்றுக்கும் 'மீ' ஒன்றே கூலிக்கு உழைக்கிறது. "மீக்கூறும் மன்னன் நிலம்" என்னும் குறளில் அது உயர்வு. மெட்டாகாக்னிஷன் பற்றி உளவியலாளர் பிளாவெல் 1970களில் பேசியது உயர்ந்த அறிவையா? அறிதலையே அறிவதை. ஆகவே அறிதலறிதல். இன்னொன்று: தந்திரத்தை வடசொல் என்று விரட்டிவிட்டு உத்திக்கு மாலை போடாதீர்கள். அது 'யுக்தி'யின் வழிவந்தது என்பாரும் உண்டு. நன்னூல் சொல்லும் 32 உத்திகளும் பழைய உரைகளில் 'தந்திரவுத்தி' என்ற பெயரிலேயே வழங்கின.

தேவிகுளம் அன்பர்:
"அறிதோறு அறியாமை கண்டற்றால்" என்றாரே வள்ளுவர்! அந்தப் பெண் கண்டதும் அறியாமையைத்தானே? 'அறியாமை காணல்' என்று வையுங்கள்.

சித்தூர் ஆசிரியை:
ஐயா, அது 1110ஆம் குறள். அடுத்த சொல்லே 'காமம்'. வகுப்பில் நான் மாட்டேன். 'அறிதலறிதல்' எழுதிப் பார்த்தேன். அச்சகத்துக்காரர் பிழையென்று ஒன்றை அடித்துவிடுவார்.

கோவை நண்பர்:
அப்போ மீயறிதல். மூன்று பேர் ஒப்புதல் தந்தாச்சு, ஒருவர் தூங்கப் போயிட்டார்.

சித்தூர் ஆசிரியை:
அறிக்கையில் 'மீயறிதல்சார் வாசிப்பு உத்திகள்' என்றே எழுதுகிறேன். மாணவர் கையில் போகும் தாளில் 'நான் எப்படி வாசிக்கிறேன்?' என்று மட்டும் இருக்கும். அனைவருக்கும் நன்றி.

குப்பம் புலவர்:
என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். அதுசரி, 'வாசிப்பு' மட்டும் எந்த ஊர்ச் சொல் என்று ஒருவரும் கேட்கவில்லையே?