பழுதுபார்த்த குடுவை மூன்றாம் நாள் தானாகவே விரிசல் விட்டது: காரணம் என்ன?

கேள்வி | கரிமவேதி

வணக்கம். நான் கரிம வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். எங்கள் ஆய்வகத்திலிருந்த ஒரு லிட்டர் மூன்று கழுத்துக் குடுவையின் பக்கக் கழுத்து ஒன்று சென்ற மாதம் முறிந்துவிட்டது. புதியது வாங்க ஒப்புதல் பெறுவதற்குள் அரையாண்டு ஓடிவிடும் என்பதால், நகரிலுள்ள கண்ணாடி ஊதும் பட்டறை ஒன்றில் கொடுத்து, 19/26 அளவுள்ள புதிய ஜாயிண்ட் (மற்றக் கருவிகளைப் பொருத்தும் கழுத்துவாய்) ஒட்டி வாங்கினோம். வேலை பார்வைக்கு மிகவும் சுத்தமாக இருந்தது. ஒட்டிய இடம் எதுவென்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடிந்தது. கழுவி, உலர்த்தி, அலமாரியில் வைத்தோம். மூன்றாம் நாள் காலையில் பார்த்தபோது, அந்த இடத்தை ஒட்டியே பிறை வடிவில் ஒரு விரிசல் ஓடியிருந்தது. இடையில் யாரும் அதைத் தொடவில்லை, சூடாக்கவில்லை, வெற்றிட பம்பிலும் இணைக்கவில்லை.

சும்மா இருந்த கண்ணாடி எப்படி உடையும்? பழுதுபார்த்து வரும் பொருள் தேறுமா தேறாதா என்று வாங்கும்போதே எங்களைப் போன்றோர் சோதித்தறிய வழியுண்டா? சிறு பழுதுகளை நாங்களே செய்யக் கற்றுக்கொள்ளலாமா, அல்லது அது வீண் ஆசையா?

மறுமொழி | பழைய பட்டறை

ஆராய்ச்சி நிறுவனமொன்றின் கண்ணாடிப் பிரிவில் முப்பத்தோராண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் குடுவை சும்மா இருக்கவில்லை. பட்டறையிலிருந்து வந்த நாள் முதல் அது தன்னைத் தானே இழுத்துக்கொண்டுதான் இருந்தது.

ஆய்வகக் கருவிகள் செய்யப் பயன்படும் போரோசிலிகேட் கண்ணாடி ஏறத்தாழ 820 டிகிரி செல்சியசில் இளகத் தொடங்கும். ஆனால் ஒட்டுவதற்கும் ஊதுவதற்கும் ஏற்ற பதம் 1,200 டிகிரியைத் தாண்டித்தான் வரும். அதற்காகவே எல்பிஜியுடன் ஆக்சிஜனைக் கலந்து எரிக்கிறோம். ஒட்டி முடித்துச் சுடரைவிட்டு எடுத்ததும், ஒட்டிய வளையம் குளிர்ந்து சுருங்க முற்படும். பக்கத்திலுள்ள குடுவைச் சுவரோ அவ்வளவு சூடு ஏறாததால் சுருங்காமல் நிற்கும். இந்த இழுபறி அப்படியே கண்ணாடிக்குள் பூட்டப்பட்டுவிடுகிறது. கண்ணாடி அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. இழுபட்டு நிற்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தாலும் போதும், காற்றிலுள்ள ஈரம் அதன் நுனியில் சிலிக்கனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டே போகும். அப்படி மெல்ல வளர்ந்த கீறல் ஒரு கட்டத்தில் சட்டென்று ஓடிவிடும். அதற்கு மூன்று நாளும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம்.

இந்த இழுவிசையை நீக்குவதற்குத்தான் ஆனீலிங் என்னும் ஆற்றுமுறை. பொருளை முழுவதுமாக மின் உலையில் வைத்து 560 டிகிரி அளவுக்குக் கொண்டுசென்றால், கண்ணாடி வடிவம் குலையாமலே உள்ளுக்குள் நெகிழ்ந்து, கால் மணி நேரத்தில் தன் இறுக்கத்தைத் தளர்த்திக்கொள்ளும். 510 டிகிரி வாக்கில் அதே தளர்வுக்கு நான்கு மணி நேரம் ஆகிவிடும். அதற்கும் கீழே போனால் எதிர்பார்ப்பதற்கே இல்லை. ஆகவே 560-லிருந்து 510-க்குக் கீழே செல்லும்வரை சூட்டை மெதுவாக இறக்க வேண்டும். கண்ணாடி தடித்ததானால் இன்னும் மெதுவாக. நாங்கள் மாலையில் உலையை ஏற்றினால், மறுநாள் காலையில்தான் கதவைத் திறப்போம். உலை இல்லாத பட்டறைகளில், ஆக்சிஜனைக் குறைத்த மஞ்சள் சுடரில் பொருளின்மேல் கரி படியும்வரை காட்டிவிட்டு, காற்றுப் படாத இடத்தில் வைத்துவிடுவார்கள். சோதனைக்குழாய்க்கு அது போதும்; குடுவைச் சுவரைத் துளைத்து ஒட்டிய பக்கக் கழுத்துக்குப் போதவே போதாது. பட்டறையில் உலை இருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள்.

மறுமொழி | வெற்றிடக்குழாய்

ஐயா சொன்னது நடந்திருக்கக்கூடியதே. ஆனாலும் வேறொரு காரணத்தை விலக்கிய பிறகே பட்டறைக்காரரின் கைவேலையைக் குறை சொல்லவேண்டும் என்பது என் கருத்து. ஒட்டப்பட்ட ஜாயிண்டும் குடுவையும் ஒரே கண்ணாடிதானா?

ஆய்வகப் போரோசிலிகேட்டின் வெப்ப விரிவுக் குணகம் 3.3, அதாவது சூடு ஒரு டிகிரி ஏறினால் அதன் நீளம் பத்து லட்சத்தில் 3.3 பங்கு கூடும். சன்னலுக்கும் பாட்டிலுக்கும் பயன்படும் சோடா கண்ணாடிக்கு இது ஏறத்தாழ 9. இவ்விரண்டையும் ஒட்டினால் ஆறும்போதே, பட்டறை மேசையிலேயே பிளந்துவிடும். உங்கள் அலமாரிவரை வந்திருக்காது. சிக்கலெல்லாம் இடையில் இருப்பவற்றால்தான் வருகிறது. ஊசிமருந்துக் குப்பிகள் செய்யப் பயன்படும் நியூட்ரல் கண்ணாடியின் குணகம் 5 அளவில் இருக்கும். அதையும் போரோசிலிகேட் என்றே விற்கிறார்கள், அதில் பொய்யும் இல்லை. 3.3-உடன் 5-ஐ ஒட்டினால் அன்றைக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் எந்த உலையில் எத்தனை மணி நேரம் வைத்து ஆற்றினாலும் அந்த இழுவிசை போகாது; அது ஆற்றிய முறையில் நேர்ந்த குறையன்று, இரண்டு கண்ணாடிகளும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் வருவது. எங்கள் பட்டறையில் குவார்ட்ஸ் குழாயைப் போரோசிலிகேட்டுடன் இணைக்க வேண்டி வரும்போது (குவார்ட்சின் குணகம் வெறும் 0.55), நேரடியாக ஒட்டாமல், குணகம் படிப்படியாக உயரும் சில கண்ணாடிகளை இடையில் வரிசையாக வைத்துத்தான் ஒட்டுகிறோம்.

சந்தேகத்தைத் தீர்க்கப் பழைய சோதனை ஒன்று உண்டு. இரண்டு கண்ணாடிகளிலிருந்தும் சிறு துண்டு எடுத்து, சுடரில் அருகருகே உருக்கி ஒட்டி, நூல்போல் நீளமாக இழுக்க வேண்டும். ஒரே கண்ணாடியானால் நூல் நேராக நிற்கும். வேறானால், ஆறும்போது அதிகமாகச் சுருங்கும் பக்கம் நோக்கி வளையும். சுடர் இல்லாதவர்களுக்கு அடுக்களையிலேயே ஒரு சோதனை இருக்கிறது. 3.3 கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.474; கிளிசரினுக்கும் பல சமையல் எண்ணெய்களுக்கும் கிட்டத்தட்ட அதே எண்தான். எனவே எண்ணெயில் மூழ்கிய 3.3 கண்ணாடித் துண்டு கண்ணுக்கு மறைந்துவிடும். நியூட்ரல் கண்ணாடி மங்கலாகவாவது விளிம்பு காட்டும், 1.52 அளவுள்ள சோடா கண்ணாடி பளிச்சென்று தெரியும்.

வாங்கும்போதே சோதிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பட்டறைகளில் அதற்கென்று, கண்ணாடிக்குள் இருக்கும் இழுவிசையைக் காட்டும் போலாரிஸ்கோப் என்ற கருவி வைத்திருப்பார்கள். உங்களுக்கு மடிக்கணினியே போதும். எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே தளவிளைவுற்றது, அதாவது ஒரே தளத்தில் மட்டும் அதிர்வது. திரையை வெறும் வெள்ளையாக வைத்து, போலராய்டு கறுப்புக் கண்ணாடி ஒன்றின் வழியாகப் பார்த்தபடி, திரை இருண்டுபோகும் கோணத்துக்கு அதைத் திருப்பிக்கொள்ளுங்கள். இப்போது குடுவையை இடையில் பிடித்து மெல்லச் சுழற்றினால், இழுவிசை உள்ள இடங்கள் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். நன்றாக ஆற்றிய குடுவையில் ஒட்டிய இடமும் மற்ற இடத்தைப் போலவே இருண்டிருக்கும்.

மறுமொழி | தொழில்நுட்ப உதவியாளர்

கற்றுக்கொள்வது பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் நானும் அந்த ஆசையில் இறங்கியவன். ஊதுவது இந்த வேலையில் சிறு பங்குதான். ரப்பர் குழாய் வழியாக மூச்சை அளந்து விடுவது ஓரிரு வாரங்களில் கைவந்துவிடும். சுடருக்கு இருபுறமும் நிற்கும் கண்ணாடியை இரண்டு கைகளாலும் ஒரே வேகத்தில் உருட்டிக்கொண்டே இருப்பதுதான் வராது. நடுப்பகுதி இளகியதும் இடக்கைக்கும் வலக்கைக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. ஒரு கை சற்றே பின்தங்கினாலும் குழாய் முறுக்கிக்கொள்ளும், உருட்டுவதை நிறுத்தினால் தன் எடையாலேயே தொய்ந்துவிடும். பெரிய பொருள்களுக்கு லேத் உண்டு. அதன் இரு தலைகளும் ஒரே வேகத்தில் சுழலும். ஆனால் பக்கக் கழுத்து போன்ற வேலை லேத்தில் எளிதில் அடங்காது. வெறுங்கண்ணால் வேலை செய்யவும் முடியாது. கண்ணாடியிலுள்ள சோடியம் சுடரில் 589 நானோமீட்டர் அளவில் மஞ்சளாக எரிந்து, பொருளையே மறைத்துவிடும். அந்த மஞ்சளை மட்டும் வடிகட்டும் டிடிமியம் கண்ணாடி அணிந்த பிறகுதான், எங்கே இளகியிருக்கிறது என்பதே தெரியும்.

முறையாகப் பயில, அமெரிக்காவில் சேலம் என்ற பெயருடைய சமுதாயக் கல்லூரி ஒன்றில் இதற்கெனப் பட்டயப் படிப்பு இருக்கிறது (நம்மூர்ச் சேலம் என்று எண்ணிவிட வேண்டாம், அது நியூ ஜெர்சியில் உள்ளது). நம் நாட்டில் பெரும்பாலும் ஒருவரின் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் நின்று கற்பதுதான் வழக்கம்.

இந்தக் கை எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று ஒன்று உண்டு. கதிரியக்கப் பொருள்கள் உமிழும் ஆல்ஃபா துகள் என்பது ஹீலியமே என்று இயற்பியலாளர்கள் ரூதர்ஃபோர்டும் ராய்ட்சும் மான்செஸ்டரில் 1908-இல் செய்த சோதனையில் உறுதிப்படுத்தினார்கள். அதற்கு, வாயு கசியக்கூடாத, ஆனால் ஆல்ஃபா துகள் ஊடுருவிச் செல்லக்கூடிய குழாய் தேவைப்பட்டது. ஆட்டோ பாம்பாக் என்ற கண்ணாடி ஊதுநர் சுவரின் தடிமன் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்படி அதைச் செய்து கொடுத்தார். ஹீலியம் வாயுவையே உள்ளே நிரப்பி, அது வெளியே கசியவில்லை என்றும் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் குழாய் இல்லையென்றால் அந்தச் சோதனையும் இல்லை.

மறுமொழி | கரிமவேதி

அனைவருக்கும் நன்றி. கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, விரிசலைச் சுற்றி மட்டுமின்றி, புதிய கழுத்து ஒட்டிய வளையம் முழுவதுமே வெள்ளை மாலை போட்டதுபோல் தெரிந்தது. விரிசல் விட்ட பகுதியைத் துணியில் சுற்றித் தட்டி, இரண்டு பக்கத்திலிருந்தும் துண்டெடுத்துக் கிளிசரினில் போட்டேன். குடுவைத் துண்டு அடியோடு மறைந்துவிட்டது. முகவையின் அடியில் அதைத் தேடி எடுக்கவே சிரமப்பட்டேன். ஜாயிண்ட் துண்டு மட்டும் மெல்லிய கோடாகத் தெரிந்துகொண்டே இருந்தது. பட்டறையில் விசாரித்தபோது, அங்கே மின் உலை இருக்கிறது என்றும், அந்த ஜாயிண்ட் வேறொருவரிடமிருந்து மொத்தமாக வாங்கிய சரக்கு என்றும் சொன்னார்கள்.

மறுமொழி | பழைய பட்டறை

அப்படியானால் என் கணிப்பு தவறு, வெற்றிடக்குழாய் சொன்னதே சரி. எங்கள் பிரிவில் குழாய் வந்து இறங்கியதும் கட்டுக்கு ஒன்று எடுத்து நூலிழுத்துப் பார்த்த பிறகே அடுக்குவோம்; அந்தப் பழக்கத்தால் வேற்றுக் கண்ணாடி என்ற எண்ணமே எனக்கு எழவில்லை.

அந்தக் குடுவையைப் பழையபடி ஆக்க முடியும், ஆனால் கழுத்தை மட்டும் மாற்றினால் போதாது. ஒட்டிய இடத்தில் இரண்டு கண்ணாடியும் கலந்திருக்கும். அந்தக் கலப்பு முழுவதும் போகும்வரை சுவரை வெட்டி எடுத்து, 3.3 கண்ணாடியால் அடைத்து, பிறகு புதிய கழுத்து வைக்க வேண்டும். அதற்கு ஆகும் கூலிக்குப் புதியதே வாங்கிவிடலாம். எப்படியானாலும் பழையதை இனி வெற்றிடத்தில் இணைக்காதீர்கள். காற்றழுத்தம் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடை. ஒரு லிட்டர் குடுவையின் மேற்பரப்பு 480 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தமுறை எந்தப் பொருளைப் பழுதுக்கு அனுப்பினாலும், ஜாயிண்டில் ஒட்டியிருக்கும் சிலிகோன் கிரீஸை முழுவதும் நீக்கிவிட்டு அனுப்புங்கள். சுடர் பட்டால் அது வெள்ளைச் சிலிக்காவாக மாறிக் கண்ணாடியிலேயே பதிந்துவிடும், பிறகு யாராலும் எடுக்க முடியாது. உள்ளே கடைசியாக என்ன வேதிப்பொருள் இருந்தது என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். அந்தக் குடுவையில் ரப்பர் குழாய் மாட்டி வாயில் வைக்கப்போகிறவர் பட்டறைக்காரர்.