கேபிளின் இந்தப் பக்கம்: பாக்கெட் ரேடியோவுக்கு டிரைவர் போட்ட அனுபவங்கள்

பண்டாரவளையிலிருந்து

மூன்று வாரமாக டிஎன்சி பெட்டிதான் பழுது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண்டியில் ஒரு மூத்த ஹாம் (அமெச்சூர் வானொலிக்காரர்) ஐயா, தனக்கு இனிக் கண் சரியாகத் தெரிவதில்லை என்று சொல்லி, தன் பழைய பெட்டியை என்னிடம் கொடுத்திருந்தார். பல வருடம் அவர் பாவித்த பெட்டி. என் கைக்கு வந்ததும் அது செத்துப்போயிற்று என்றால் அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது என்ற கவலை வேறு. கடைசியில் பார்த்தால் பெட்டிக்கு ஒன்றுமே இல்லை. கோளாறு முழுவதும் கேபிளின் இந்தப் பக்கம், என் மடிக்கணினிக்குள் இருந்தது. இன்னொருவர் இதே இடத்தில் மூன்று வாரம் தொலைக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: பாக்கெட் ரேடியோ என்றால் எழுத்தைப் பொதி பொதியாக ரேடியோவில் அனுப்புவது. டிஎன்சி என்பது கணினிக்கும் ரேடியோவுக்கும் நடுவில் நிற்கும் பெட்டி. நாம் தட்டும் எழுத்தைப் பொதிகளாகக் கட்டி, 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகளாக மாற்றி ரேடியோவின் மைக்குக்குள் விடும். மறுமுனையில் இன்னொரு பெட்டி அதைப் பிரித்துப் பார்த்து, கெட்டுப்போன பொதியைத் தள்ளிவிடும். இணைப்பு போட்டுப் பேசினால் தள்ளிய பொதி திரும்பவும் வரும். வேகம் விநாடிக்கு 1200 பிட். 256 எழுத்துள்ள பொதி ஒன்று போய்ச் சேர ஏறக்குறைய 1.7 விநாடி ஆகும். மெதுவானதுதான். ஆனால் இதற்குக் கோபுரம் வேண்டாம், இணையம் வேண்டாம், 12 வோல்ட் கார் பெட்டரி ஒன்று போதும்.

எனக்கு இந்த ஆசை வந்தது 2014 ஒக்டோபர் 29 அன்று. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து, தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் மண்ணுக்குள் போன நாள். அந்தப் பக்கத்து உறவுகளுக்கு அன்று முழுக்க எடுத்தும் ஒரு அழைப்புக்கூடப் போகவில்லை. இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல் இருட்டும்வரை தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 2004 ஆழிப்பேரலையின்போது விக்டர் குணதிலக்கவும் மற்ற அமெச்சூர் வானொலிக்காரர்களும் அம்பாந்தோட்டைப் பக்கமிருந்து ரேடியோவில் செய்தி கொண்டுவந்ததைக் கேள்விப்பட்டிருந்தேன். அப்புறம்தான் படித்து, பரீட்சை எழுதி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் எடுத்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிஎன்சியில் இருப்பது ஒன்பது முள் சீரியல் வாய் (போர்ட்). என் மடிக்கணினியில் அது இல்லை. அதனால் யூஎஸ்பி சீரியல் கேபிள் ஒன்று வாங்கினேன். முதலில் விண்டோஸில் செருகிப் பார்த்தேன். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம். உள்ளே இருந்த சில்லு (சிப்) போலி, அதைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருளான டிரைவரின் புதிய பதிப்பு அதை ஏற்க மறுக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் போய்விட்டது. கேபிளை மாற்றினேன். இரண்டாவது கேபிளில் சிஎச்340 சில்லு. லினக்ஸில் இதற்குத் தனியாக டிரைவர் போடத் தேவையில்லை, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. நான் வைத்திருந்தது உபுண்டு 22.04 என்ற லினக்ஸ். கேபிளைச் செருகினேன், அதில் விளக்கு எரிந்தது. ஆனால் டிடிவையூஎஸ்பி0 என்ற வாய் வரவே இல்லை.

இங்கேதான் என் மூன்று வாரத்தில் பெரும்பகுதி போனது. ரேடியோவைக் கழற்றினேன், டிஎன்சியைத் திறந்தேன், மின்தேக்கிகளைக்கூட மாற்றினேன். ஒரு நாள் இரவு, டிமெஸ்ஜி கட்டளை காட்டும் கெர்னல் பதிவை மேலோட்டமாகப் பார்க்காமல் வரிவரியாக வாசித்தபோதுதான் விளங்கியது. முதல் வரியில் கேபிள் டிடிவையூஎஸ்பி0 ஆக இணைந்துவிட்டது என்று இருக்கிறது. அடுத்தாற்போல் பிஆர்எல்டிடிவை என்ற பெயர். அதற்கடுத்த வரியில் இணைப்பு அறுந்தது என்று இருக்கிறது. வாய் வந்திருக்கிறது, வந்த கையோடு வேறொருவர் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

பிஆர்எல்டிடிவை என்பது பார்வையற்றவர்களின் பிரெயில் கருவிகளைக் கணினியோடு சேர்க்கும் மென்பொருள். சில பிரெயில் கருவிகளுக்குள் இருப்பதும் இதே சிஎச்340 சில்லுதான், இதே 1ஏ86:7523 என்ற அடையாள எண்தான். ஆகவே என் கேபிளையும் பிரெயில் கருவி என்று எடுத்துக்கொண்டுவிட்டது. அந்த மென்பொருளையே அழித்துவிடு என்று சிலர் சொல்வார்கள். நான் அழிக்கவில்லை. சாதனத்தைச் செருகும்போது என்ன செய்ய வேண்டும் என்று லினக்ஸுக்குச் சொல்லும் யூடெவ் விதிகளில் அந்த ஓர் எண்ணுக்குரிய வரியை மட்டும் முடக்கிவிட்டு, கேபிளைக் கழற்றி மாட்டினேன். வாய் வந்தது, நின்றது.

அடுத்து, திறக்க அனுமதி இல்லை என்றது. என் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு வெளியேறித் திரும்ப உள்ளே வந்தால்தான் அது செல்லுபடியாகும்.

அப்புறம் வேகம். இதில் பலர் தடுமாறுகிறார்கள், நானும் தடுமாறினேன். லினக்ஸில் பாக்கெட் ரேடியோவுக்கான அமைப்புகளை எழுதும் ஏஎக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் கொடுக்கும் வேகம் கணினிக்கும் டிஎன்சிக்கும் இடையிலான சீரியல் வேகம். காற்றில் போகும் 1200 அல்ல. என் பெட்டி 9600இல் பேசும். டெர்மினலிலும் அதே வேகம்தான் வேண்டும். 1200 என்று வைத்திருந்தவரை குப்பை எழுத்துத்தான் வந்தது. மாற்றியதும் டெர்மினலில் டிஎன்சியின் கட்டளை அடையாளம் சுத்தமாக வந்து நின்றது. ஐயாவின் பெட்டி உயிரோடுதான் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது.

மிச்சம் சுருக்கம்தான். பொதி கட்டும் வேலையை டிஎன்சியிடமிருந்து கணினிக்கு மாற்றும் நிலைதான் கிஸ். டிஎன்சியில் கிஸ் ஆன், பிறகு ரீஸ்டார்ட் என்று தட்ட வேண்டும். கணினியில் கிஸ்அட்டாச் ஓட்டினால் ஏஎக்ஸ்0 என்ற இடைமுகம் எழும்பும். ஏஎக்ஸ்லிசன் ஓட்டினால் காற்றில் வருவதெல்லாம் திரையில் விழும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: கிஸ்ஸுக்குள் போன பெட்டி கட்டளைகளுக்குப் பதில் சொல்லாது. வெளியே எடுக்க 192, 255, 192 என்ற மூன்று பைட்டுகளை அனுப்ப வேண்டும். இது தெரியாமல் பெட்டி பழுது என்று தூக்கி வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

என் நண்பர் ஹப்புத்தளை மலைமுகட்டுக்குத் தெற்கே, கீழே ஒரு தோட்டத்தில் இருக்கிறார். நடுவில் மலை. நேராகப் போகாது. முகட்டில் இன்னொரு நண்பர் வீட்டுப் பெட்டி பொதியை வாங்கித் திருப்பி விடுகிறது. அந்த வழியாக எனக்கு வந்த முதல் பொதியில் அவர் வீட்டு மழைமானி அளவு இருந்தது: 41 மில்லிமீட்டர்.

தலவாக்கலையிலிருந்து

அண்ணா, நீங்கள் எழுதியதை வாசித்தபோது என் பேகொம் மோடம் நினைவுக்கு வந்தது. அது டிஎன்சி போல மூளை உள்ள பெட்டி இல்லை. டிசிஎம்3105 என்ற ஒரே ஒரு சில்லு, சுற்றிச் சில உதிரிகள், அவ்வளவுதான். பொதி கட்டும் வேலை எல்லாம் கணினியின் டிரைவர் தலையில். சீரியல் வாயின் கம்பிகளை டிரைவர் நேரடியாக ஆட்டி பிட் பிட்டாக எண்ணும். அதனால் யூஎஸ்பி கேபிளில் அது ஓடாது. எத்தனை கேபிள் மாற்றினாலும் ஓடாது. பழைய மேசைக் கணினி ஒன்றைத் தேடிப் பிடித்தேன்.

அதிலும் முதலில் டிரைவர் ஏறவில்லை. முகவரி 3எஃப்8, ஐஆர்கியூ 4, எல்லாம் சரியாகத்தான் கொடுத்தேன். ஆனாலும் வாய் வேறொருவர் கையில் என்றது. உண்மைதான். கெர்னலின் வழக்கமான சீரியல் டிரைவர் இயந்திரம் எழும்பும்போதே அந்த வாயைப் பிடித்துக்கொள்கிறது. முதலில் செட்சீரியல் கட்டளையில் அந்த வாய்க்கு யூஏஆர்டி நன் என்று சொல்லி விடுவிக்க வேண்டும், அப்புறம்தான் பேகொம் டிரைவரை ஏற்ற வேண்டும். இந்த வரிசை மாறினால் ஒன்றும் நடக்காது. இரண்டையும் ஒரு சிறு கோப்பில் எழுதி, கணினி எழும்பும்போதே ஓட வைத்துவிட்டேன். கரண்ட் போய் வந்தாலும் தானாக எழும்புகிறது. எங்கள் பக்கம் மழைக்காலத்தில் அது எவ்வளவு தரம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. ஏப்ரல் மாத இடிக்கு அன்டெனா கேபிளைக் கழற்றி வைப்பேன், சீரியல் கேபிளை அப்படியே விட்டுவிடுவேன். ஒரு மாலை மோடமும் கணினியின் சீரியல் வாயும் சேர்ந்து போயின. இப்போது இடி முழங்கத் தொடங்கினால் இரண்டையும் கழற்றுகிறேன்.

பேராதனையிலிருந்து

அண்ணாமார் இருவருக்கும் நன்றி. என்னிடம் டிஎன்சியும் இல்லை, பேகொமும் இல்லை. டயர்வுல்ஃப் மென்பொருளும் ஒரு யூஎஸ்பி ஒலி அட்டையும்தான். டிஎன்சி செய்வதையெல்லாம் மென்பொருளே செய்கிறது. படிக்கிற பிள்ளைகள் தொடங்க இதுதான் மலிவான வழி என்று நினைக்கிறேன்.

எனக்கு வந்த சிக்கல், கணினியை நிறுத்தி எழுப்பும்போதெல்லாம் ஒலி அட்டையின் எண் மாறியது. இன்று அட்டை 1, நாளை அட்டை 2. டயர்வுல்ஃப் மடிக்கணினியின் சொந்த மைக்கைக் கேட்டுக்கொண்டிருக்கும், நான் அன்டெனாவைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பேன். அட்டையை எண்ணால் குறிக்காமல் பெயரால் குறித்ததும் தீர்ந்தது. அடுத்தது ஒலி அளவு. ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் அல்சாமிக்சரில் தானியங்கி ஒலிச் சீரமைப்பை அணைத்துவிட்டு, டயர்வுல்ஃப் காட்டும் அளவு 50க்குக் கிட்டவாக வரும்வரை குறைத்தேன். அதற்கு முன் பத்துக்கு இரண்டு பொதிதான் பிரிந்தது.

ரேடியோவை அனுப்பும் நிலைக்கு மாற்ற, ஒலி வந்ததும் தானாக மாற்றும் வொக்ஸை நம்பாதீர்கள். பேச்சு முடிந்த பிறகும் அது விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருக்கும், அதற்குள் மறுமுனையின் பதில் வந்து போய்விடும். சிஎம்108 சில்லு உள்ள ஒலி அட்டையில் அதற்குப் பாவிக்கக்கூடிய ஒரு கால் சில்லில் இருக்கிறது. ஒரு டிரான்சிஸ்டர் வைத்து அதிலிருந்து எடுத்தேன். அதற்கும் யூடெவ் விதி எழுதி அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது.

பண்டாரவளை அண்ணாவிடம் ஒரு கேள்வி. ஜிபிஎஸ்ஸையும் டிஎன்சியையும் ஒன்றாக மாட்டினால் டிடிவையூஎஸ்பி0, 1 இரண்டும் இடம் மாறாதா?

பண்டாரவளையிலிருந்து, மீண்டும்

மாறும் தம்பி. எது முதலில் எழும்புகிறதோ அதற்குத்தான் 0. எஃப்டிடிஐ சில்லுள்ள கேபிள்களுக்குப் பெரும்பாலும் தனித்தனி வரிசை எண் இருக்கும், அதனால் சீரியல் கோப்புறைக்குள் பை-ஐடி என்ற பெயரைப் பாவிக்கலாம். சிஎச்340க்கு வழக்கமாக அந்த எண் இல்லை. இரண்டு சிஎச்340 மாட்டினால் பை-ஐடியில் இரண்டுக்கும் ஒரே பெயர் வரும். பை-பாத் பாவியுங்கள். எந்த யூஎஸ்பி வாயில் செருகியிருக்கிறது என்பதை வைத்து அது பெயர் கொடுக்கும். வாயை மாற்றாமல் இருந்தால் போதும். நான் வாய்க்குப் பக்கத்தில் பிளாஸ்டர் ஒட்டி எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். பெட்டி நன்றாக ஓடுகிறது என்று சொல்லப் போன ஞாயிறு கண்டிக்குப் போனேன். பிரெயில் மென்பொருள் கேபிளைப் பிடுங்கிய கதையை ஐயாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ கண் தெரியாதவனுக்கும் இந்தக் கணினியில வழி வச்சிருக்காங்களா தம்பி?" என்று கேட்டார். எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை.

அன்று இரவு அங்கேயே தங்கினேன். அவருடைய கணினியில் உபுண்டு போட்டு, ஓர்கா திரைவாசிப்பானை எழுப்பினேன். ஈஸ்பீக்கில் தமிழ்க் குரலும் இருக்கிறது. கொஞ்சம் இயந்திரத்தனமான குரல்தான், ஆனால் விளங்குகிறது. பெட்டியையும் திருப்பி அவர் மேசையிலேயே வைத்துவிட்டேன். எனக்கு டயர்வுல்ஃப் போதும், தம்பி எழுதியபடி ஒலி அட்டை ஒன்று வாங்கிக்கொள்கிறேன். அனுப்புவதற்கு எழுத்தைத் தட்ட அவருக்குக் கண் தேவையே இல்லை, விரலுக்கு விசைப்பலகை மனப்பாடம்.

இரவு ஒன்பது மணிக்குமேல் ஒரு பொதி விழுந்தது. குரல் ஒவ்வொரு எழுத்தாக ஒரு அழைப்புக்குறியை வாசித்தது. ஐயா கையைத் தூக்கி என்னைப் பேச வேண்டாம் என்றார், மீண்டும் ஒரு தரம் வாசிக்க வைத்துக் கேட்டார், பிறகு தட்டத் தொடங்கினார்.