ட்ரெல்லோவில் தனிப்பட்ட வேலைகள் குவிகின்றன, எதற்கு மாறலாம்?

கேள்வி:
அலுவலக வேலை, வீட்டு வேலை, படிக்க வேண்டியவை எல்லாவற்றையும் ட்ரெல்லோவில் (வேலைகளை அட்டைகளாக வரிசைகளில் அடுக்கும் தளம்) ஒரே பலகையில் போட்டு வைத்திருக்கிறேன். அட்டையை இழுத்து ‘முடிந்தது’ வரிசையில் விடும்போது மனசு நிறைகிறது, ஆனால் ‘செய்ய வேண்டியவை’ வரிசையில் 60 அட்டைகள் சேர்ந்துவிட்டன, அடியில் கிடப்பவை ஞாபகத்துக்கே வருவதில்லை. உலாவியிலேயே பயன்படுத்த வேண்டும், மாதாமாதம் வரும் வேலைகள் தானாக வர வேண்டும். டூடூயிஸ்ட், மைக்ரோசாஃப்ட் டூ டூ, கூகுள் டாஸ்க்ஸ், இந்தப் பட்டியல் செயலிகளில் எது நல்லது?

பதில் 1:
பல கட்டங்களைத் தாண்டிப் போகிற வேலைக்குத்தான் பலகை பொருந்தும். கட்டுரை எழுதுவது அப்படி: குறிப்பு, வரைவு, திருத்தம். வாடகை கட்டுவதற்கு என்ன கட்டம் இருக்கிறது? கட்டியாச்சு, இல்லை கட்டவில்லை, அவ்வளவுதான்.

திரும்பத் திரும்ப வரும் வேலைகளுக்கு நான் டூடூயிஸ்ட்தான் சொல்வேன். வேலையோடு சேர்த்து ‘எவ்ரி 10 டேஸ்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் தேதியைத் தானே பிடித்துக்கொள்ளும். அதிலேயே ‘எவ்ரி’க்குப் பின்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டுப் பாருங்கள், அடுத்த முறை நீங்கள் முடித்த நாளிலிருந்து எண்ணும். செடிக்கு உரம் வைக்க 3 நாள் தாமதமானால் அடுத்ததும் 3 நாள் தள்ளித்தானே வர வேண்டும்? வாடகைக்கு அது கூடாது, அதற்குக் குறி இல்லாமல் போடுங்கள்.

பதில் 2:
60 வேலை தேங்குகிறது என்றால் எனக்கு முதலில் தோன்றுவது மைக்ரோசாஃப்ட் டூ டூவின் ‘மை டே’, அதாவது இன்றைக்குச் செய்யப்போவதை மட்டும் எடுத்து வைக்கும் பக்கம். நள்ளிரவில் அது காலியாகிவிடும். முடிக்காதவை அழியாது, அதனதன் பட்டியலில் இருக்கும், காலையில் நீங்களே திரும்ப எடுத்து வைக்க வேண்டும். ஒரே வேலையை நாலாவது நாளும் எடுத்து வைக்கக் கை தயங்கும் பாருங்கள், அப்போதுதான் அது உண்மையிலேயே வேண்டுமா என்று யோசிப்போம். இலவசம் வேறு. நாள் முழுக்க ஜிமெயிலிலேயே இருப்பவர் என்றால் பக்கத்திலேயே திறக்கும் கூகுள் டாஸ்க்ஸ் போதும்.

பதில் 3:
எதை எடுத்தாலும் தரவை வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வுண்டர்லிஸ்ட் என்ற பட்டியல் செயலியை மைக்ரோசாஃப்ட் 2015-ல் வாங்கி 2020-ல் மூடியது. நான் வேறொரு சின்னத் தளத்தை நம்பி இருந்தேன், ஒருநாள் அது திறக்கவே இல்லை, பட்டியல் மொத்தமும் போச்சு. இப்போது மாதம் ஒருமுறை நகல் எடுத்துவிடுகிறேன்.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. வாடகைக் கட்டம் சொன்னது சரியாகப் புரிந்தது. கட்டுரைகள் மட்டும் ட்ரெல்லோவில் இருக்கட்டும், மற்றவற்றை டூடூயிஸ்டுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன், மாற்றும்போதே 22 அட்டைகளை அழித்துவிட்டேன்.